பழைய சாஃப்ட்வேர், புது விண்டோஸ்: எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகு விண்டோஸ் 11-தான். இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை அது அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கிறது. ஆகவே பலருக்கு இது ஓஎஸ் மாற்றுவதோடு முடியாது, கம்ப்யூட்டரையே மாற்றியாக வேண்டும்.

புது கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கிவிடலாம். சிவகாசியிலோ திருச்சியிலோ ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைக்க வைத்திருக்கும் பேஜ்மேக்கர் 7 அதில் ஓடுமா? மொத்த வியாபாரக் கடைக்குத் தொண்ணூறுகளில் யாரோ ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிக் கொடுத்த பில்லிங் ஓடுமா? பரிசோதனைக் கூடத்தில் ஏதோ ஒரு கருவியோடு சிடியில் வந்த சாஃப்ட்வேர்? இவற்றை எழுதியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆனால் தொழில் அவற்றின் மேல்தான் நடக்கிறது.

இதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். எது சரி என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் சாஃப்ட்வேர் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பதால்தான் பலரும் தேவையில்லாமல் பணத்தைச் செலவழிக்கிறார்கள், அல்லது சும்மா ஒரு டிக் போட்டால் தீரும் விஷயத்துக்காகப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டி அழுகிறார்கள்.

எங்கே முட்டுகிறது?

முதல் இடம், 16-பிட் (பிராசசர் ஒரே வீச்சில் கையாளும் டேட்டாவின் அளவைக் குறிக்கும் எண் இது). டாஸ் காலத்து சாஃப்ட்வேர், விண்டோஸ் 3.1 காலத்து சாஃப்ட்வேர் எல்லாம் இந்த வகை. 32-பிட் விண்டோஸில் இவற்றை ஓட்டுவதற்கென்றே என்டிவிடிஎம் என்று ஓர் உள்ளமைப்பு இருந்தது. விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பில்கூட அதை விருப்பத் தேர்வாகச் சேர்த்துக்கொள்ளலாம். 64-பிட் விண்டோஸில் அது கிடையாது. பிராசசர் 64-பிட் நிலையில் ஓடும்போது, டாஸ் நிரல்கள் நம்பியிருந்த விர்ச்சுவல் 8086 என்ற நிலையே அதில் கிடைப்பதில்லை. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பு வரவே இல்லை. ஆகவே, ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்புப் பெட்டி வந்து நின்றால், ரைட் கிளிக் செய்து என்ன மாற்றினாலும் பலனில்லை.

இதில் ஒரு பொடி விஷயம் உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்து சிடிகளில் சாஃப்ட்வேர் 32-பிட்டாக இருக்கும், அதை நிறுவித் தரும் செட்டப் மட்டும் 16-பிட்டாக இருக்கும். செட்டப் ஓடாததைப் பார்த்து சாஃப்ட்வேரே ஓடாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். சில பழைய இன்ஸ்டால்ஷீல்டு செட்டப்புகளை விண்டோஸே அடையாளம் கண்டு, சத்தமில்லாமல் 32-பிட் மாற்றைப் போட்டு ஓட்டிவிடும். எல்லாவற்றுக்கும் அப்படி நடக்காது. அப்போது, பழைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வந்து ஓட்டிப் பார்க்கலாம். எளிமையான சாஃப்ட்வேர் பலவும் அப்படியே எழுந்து ஓடும்.

இரண்டாவது இடம், எழுதும் உரிமை. எக்ஸ்பி காலம் வரை எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். அதனால் சாஃப்ட்வேர் எழுதியவர்களும் டேட்டாவை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கும்படி எழுதினார்கள். விஸ்டா வந்ததிலிருந்து அங்கே எழுத சாதாரண பயனருக்கு அனுமதி இல்லை. ஆனால் பழைய சாஃப்ட்வேர் நின்றுவிடக் கூடாது என்று விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. எழுத வந்ததை வாங்கி, அந்தப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் போட்டுவிட்டு, சரியான இடத்தில் எழுதிவிட்டதாகப் பொய் சொல்கிறது. வேறு பெயரில் லாகின் செய்தால் பில்லெல்லாம் காணாமல் போனது போலத் தெரிவதும், புரோகிராம் ஃபோல்டரை தினமும் பேக்கப் எடுத்தும் அதில் பழைய டேட்டாவே இருப்பதும் இதனால்தான். சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் நிறுவினால் இந்தச் சிக்கலே வராது. டேட்டா போய்விட்டது என்று பதறுகிறவர்கள் முதலில் அந்த விர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, டிரைவர், அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல். 32-பிட் சாஃப்ட்வேர் 64-பிட் விண்டோஸில் ஓடும். 32-பிட் டிரைவர் ஓடவே ஓடாது. டாங்கிள் (சாஃப்ட்வேரின் சாவி போலக் கம்ப்யூட்டரில் மாட்டும் சின்னக் கருவி) செருகினால்தான் திறக்கும் சாஃப்ட்வேர், பழைய ஸ்கேனர், பழைய பிரின்டர் கேபிளுக்கான பேரலல் போர்ட்டில் மாட்டும் கருவி எல்லாம் இங்கேதான் விழுகின்றன. சிடியைப் போட்டால்தான் ஓடும் பழைய விளையாட்டுகள் சிலவும் இதே வகை. அவற்றின் சேஃப்டிஸ்க் பூட்டுக்கான டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை.

நான்காவது, உதிரிப் பாகங்கள். சாஃப்ட்வேர் ஓடுவதற்கு நம்பியிருக்கும் துணைக் கோப்புகள் இவை: டாட்நெட் 3.5, பழைய ஓசிஎக்ஸ் கோப்புகள், பழைய உதவிக் கோப்பு முறை போன்றவை. விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய சாஃப்ட்வேருக்குத் தேவையான அடிப்படைக் கோப்புகள் இன்றும் விண்டோஸோடு வருகின்றன. கூடவே வந்த வெளியார் ஓசிஎக்ஸ்தான் விடுபட்டிருக்கும். அதைப் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 64-பிட் விண்டோஸில் 32-பிட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64, 64-பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32. தலைகீழாகப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. பழைய சாஃப்ட்வேர் உடையக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி விட்டார்கள் என்பது வேறு கதை.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்தாவதாகவும் ஓர் இடம் உண்டு. பாமினி, டாம், டாப் போன்ற 8-பிட் எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கிலம் முதலான ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களைப் போட்டு வைத்தவை. விண்டோஸின் வட்டார அமைப்புகளில், யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி என்று ஒன்று இருக்கும். அது ஆங்கிலமாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே ‘உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து’ என்ற பொருளில், பீட்டா என்று போட்டு ஒரு டிக் பெட்டி இருக்கும். தமிழுக்கு நல்லது என்று நினைத்து யாராவது அதை டிக் செய்து வைத்திருந்தால் பழைய சாஃப்ட்வேரில் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வரும். புது கம்ப்யூட்டரில் ஃபான்ட் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கம்பாட்டிபிலிட்டி மோட்: முதலில் இது, ஆனால் அளவோடு

எக்ஸ்இ கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்று தேர்ந்தெடுக்கலாம். இது பழைய விண்டோஸை உள்ளே ஓட்டுவதில்லை. சாஃப்ட்வேர் ‘இது எந்த விண்டோஸ்?’ என்று கேட்கும்போது பொய்யான பதிலைத் தருவதும், சில பழைய நடத்தைகளை நடித்துக் காட்டுவதும்தான் இதன் வேலை. புதிய பதிப்பு எண்ணைப் பார்த்து மிரண்டு நின்றுவிடும் சாஃப்ட்வேருக்கு இது போதும். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு என்ற டிக், மேலே சொன்ன எழுதும் உரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தாலோ, மங்கலாகத் தெரிந்தாலோ அதே பக்கத்தில் உயர் டிபிஐ அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

பேஜ்மேக்கர் 7 இந்த வழியிலேயே விண்டோஸ் 10, 11-இல் ஓடுகிறது. 2001-இல் வந்த சாஃப்ட்வேர் அது. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் மேக்கில் தொடங்கி வைத்தது, 1994-இல் அடோபியிடம் போய், ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் திறக்கிறது, தட்டச்சு செய்யலாம், பக்கம் அமைக்கலாம். ஆனால் பிடிஎஃப் எடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அது அக்ரோபாட் டிஸ்டில்லரின் பழைய பதிப்பை நம்பியிருக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் ஒன்றை நிறுவி, கோப்பாக அச்சிட்டு, அதை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவியில் கொடுத்து பிடிஎஃப் ஆக்குவது ஒரு சுற்றுவழி. தினமும் நாலைந்து வேலைக்கு இது போதும். நாள் முழுக்க பிடிஎஃப் அனுப்பும் அச்சகத்துக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த வழிக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் டிஎல்எல் கோப்புகளை எல்லாம் இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அதில் வைரஸ் வந்தவர்கள்தான் அதிகம்.

பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வது

இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் நிறைய. நான் பேச மாட்டேன். டாங்கிள் பேரலல் போர்ட்டில் மாட்டுவது என்றால் பல நேரம் இது ஒன்றுதான் வழி. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் கடையில் கிடைக்கிறது, ஆனால் அது பிரின்டருக்கு மட்டும்தான். டாங்கிளுக்குத் தேவையான நிஜமான போர்ட்டை அது உருவாக்குவதில்லை. மதர்போர்டில் செருகும் கார்டு வாங்கினால் நிஜமான போர்ட் கிடைக்கும், ஆனால் அதன் முகவரி பழைய சாஃப்ட்வேர் தேடும் முகவரியாக இருக்காது.

இந்த வழிக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அந்தப் பெட்டி இணையத்தில் இருக்கக் கூடாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும் ஆதரவு முடிந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது அது புகுந்தது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை வழியாக. எக்ஸ்பிக்குத் தெரிந்த பகிர்வு முறையும் அதுதான். அதனால்தான் புது விண்டோஸில் எஸ்எம்பி1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. ‘பழைய கம்ப்யூட்டர் புதுசோடு நெட்வொர்க்கில் பேசவில்லை’ என்று சொன்னால், அதைப் புது கம்ப்யூட்டரில் இயக்கிவிட்டுப் போகும் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு சுலபமாகத் திறக்கிறது என்று காட்டுவது போன்ற வேலை அது. கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள், போதும்.

இரண்டாவது நிபந்தனை, ஹார்ட் டிஸ்க்கின் முழுப் படிமத்தை இன்றே எடுத்து வைப்பது. பதினைந்து வருட ஹார்ட் டிஸ்க் எந்த நாள் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. டேட்டாவை மட்டும் காப்பி எடுத்து வைத்திருந்தால், டிஸ்க் போன பிறகு சாஃப்ட்வேரை மறுபடி நிறுவ சிடி எங்கே, சீரியல் நம்பர் எங்கே என்று தேட வேண்டிவரும். பவர் சப்ளையையும் மதர்போர்டு பேட்டரியையும் மாற்றிவிடலாம். டிஸ்க்கில் இருந்ததைப் புதிதாக உருவாக்க முடியாது.

விர்ச்சுவல் மெஷின்

புது கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜன்னலில் பழைய விண்டோஸ் முழுசாக ஓடும். அதற்குள் உங்கள் சாஃப்ட்வேர், தான் எக்ஸ்பியில் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். இங்கே நடிப்பு கிடையாது, உள்ளே இருப்பது நிஜமான எக்ஸ்பியேதான். மைக்ரோசாஃப்ட்டே இதைச் செய்து பார்த்தது. 2009-இல் விண்டோஸ் 7 புரொஃபஷனலோடு எக்ஸ்பி மோட் என்று, லைசென்ஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கடுத்த விண்டோஸ்களில் அது இல்லை.

இப்போது கைவசம் இருப்பவை மூன்று. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், அடிப்படைத் தொகுப்பை அலுவலகத்திலும் பயன்படுத்தலாம், கூடுதலாக இறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்குத்தான் வணிக உபயோகத்துக்கு லைசென்ஸ் வேண்டும். ஏழாம் பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டதால், பெரும்பாலோருக்கு அந்தப் பேக் தேவைப்படாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியது; 2024 நவம்பரிலிருந்து வணிக உபயோகத்துக்கும் இலவசம். பழைய விண்டோஸில் திரை, மவுஸ், ஒலி எல்லாம் இதில் இன்னும் கொஞ்சம் மென்மையாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது ஹைப்பர்-வி, விண்டோஸ் புரோவில் இருக்கிறது, ஹோம் பதிப்பில் இல்லை. சர்வர்களுக்கு நல்லது. யூஎஸ்பி டாங்கிளை நேராக உள்ளே கொடுக்க வழியில்லாததால் நம் வேலைக்கு உதவாது.

எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் இடம் ஒதுக்கினால் தாராளம். இன்றைய 8 ஜிபி கம்ப்யூட்டரே தாங்கும். உள்ளே விர்ச்சுவல்பாக்ஸின் துணைத் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவினால் வெளியே உள்ள ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளலாம், நெட்வொர்க்கே தேவையில்லை. ஆகவே மெஷினின் நெட்வொர்க் கார்டை அணைத்து வைத்துவிடுங்கள். எக்ஸ்பி உள்ளே இருக்கும், இணையம் வெளியே இருக்கும், கோப்பு மட்டும் போய் வரும்.

இந்த வழியை நான் முதலிடத்தில் வைப்பதற்கு வேகமோ வசதியோ காரணமில்லை. பழைய கம்ப்யூட்டர் முழுவதும் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். அதை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கலாம். அடுத்த கம்ப்யூட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு எதையாவது சோதித்துப் பார்த்து, கெட்டுப்போனால் ஒரு கிளிக்கில் திரும்பி வரலாம். பழைய பெட்டியில் இது எதுவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்2விஹெச்டி என்ற சின்னக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரை அப்படியே விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றித் தரும். சாஃப்ட்வேர் சிடி தொலைந்துபோனவர்களுக்கு இது வரப்பிரசாதம். மாற்றிய பிறகு முதல் தடவை எக்ஸ்பி நீலத் திரையோடு நின்றால், பயப்பட வேண்டாம். டிஸ்க் கன்ட்ரோலர் மாறியதுதான் பெரும்பாலும் காரணம். மெஷின் அமைப்பில் டிஸ்க்கை ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. லைசென்ஸ் முதல் குறை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் எக்ஸ்பி அந்தப் பெட்டிக்கு மட்டுமே செல்லும், அதை விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்ற லைசென்ஸ் அனுமதிப்பதில்லை. தனியாக வாங்கிய ரீடெய்ல் பதிப்பு என்றால் மாற்றலாம். நம் ஊரில் இதை யாரும் பார்ப்பதில்லை என்பது தெரியும். ஆனால் தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனமாக இருந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது வேகம். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை நிற ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோஸ் தன் சொந்த ஹைப்பர்-வியை முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்பு வசதிகள் இயங்கும்போது இது நடக்கும். அவற்றை அணைத்தால் ஆமை போய்விடும், ஆனால் பாதுகாப்பும் கொஞ்சம் போகும். பில் போடுவதற்கும் பக்கம் அமைப்பதற்கும் ஆமை வேகமே போதும் என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பணியாளர்கள். ஜன்னலுக்குள் ஜன்னல் என்பது சிலரைக் குழப்பும். வெளியே ஷட்டவுன் செய்வதும் உள்ளே ஷட்டவுன் செய்வதும் வேறு வேறு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் டேட்டா கெடும்.

டாஸ் என்றால் பாதை வேறு

டாஸ் சாஃப்ட்வேருக்கு எக்ஸ்பி மெஷின் வேண்டியதில்லை, அதைவிட லேசான வழி உண்டு. டாஸ்பாக்ஸ் ஒரு டாஸ் கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேரில் நடித்துக் காட்டுகிறது. கல்லூரிகளில் விண்டோஸ் 10, 11-க்கான டர்போ சி++ என்று கொடுக்கிறார்களே, அது உள்ளே டாஸ்பாக்ஸை வைத்துக் கட்டிய பொட்டலம்தான். (இன்றைக்கும் மாணவர்களுக்கு டர்போ சி++ எதற்கு என்ற கேள்வியை ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.)

ஆனால் மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது. கடைக் கணக்கை அதில் ஓட்ட நான் சொல்ல மாட்டேன். பிரின்டிங் அதில் பெயரளவுக்குக்கூடக் கிடையாது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ், அலுவலக டாஸ் சாஃப்ட்வேருக்கென்றே செய்த விடாஸ் இரண்டும் இதற்குப் பொருத்தம். இரண்டிலும் பிரின்டருக்கு அனுப்புவதைப் பிடித்து விண்டோஸ் பிரின்டருக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

பிரின்டிங்தான் டாஸ் பில்லிங்கின் உயிர்நாடி என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ஃபாக்ஸ்புரோ நிரல், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு நேராக எழுத்துகளையும் எப்சன் கட்டளைக் குறிகளையும் அனுப்பும். 15-ஆம் எண் குறியை அனுப்பினால் எழுத்து சுருங்கி, 80 எழுத்து அகலத் தாளில் 132 எழுத்து வரும். இந்தக் கட்டளைகள் இன்றைய மலிவான லேசர் பிரின்டருக்குப் புரியாது. யூஎஸ்பி உள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. அதை விண்டோஸில் ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்று பெயர் கொடுத்தால், டாஸ் நிரல் அனுப்பியது அப்படியே போய்ச் சேரும். தொடர்தாளில் பில் வேண்டும் என்பவர்கள் பிரின்டரை மாற்றாதீர்கள்.

ஃபாக்ஸ்புரோ 2.6-க்கு இன்னொரு பழைய நோய் உண்டு. வேகமான பிராசசரில் தொடங்கும்போதே பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று சொல்லி நின்றுவிடும். கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்க அது போடும் கணக்கில், நேரம் பூஜ்யமாக வந்துவிடுகிறது. 300 மெகாஹெர்ட்ஸ் தாண்டிய காலத்திலேயே இது வந்து, ஒட்டுமருந்தும் (பேட்ச்) வந்துவிட்டது. டாஸ்பாக்ஸ் வகையறாவில் வேகத்தைக் குறைத்து வைக்க முடியும் என்பதால் அங்கே அந்த ஒட்டுமருந்துகூட வேண்டாம்.

ஒரே பில்லிங்கை மூன்று நான்கு கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்கள் மட்டும் இங்கே நிதானிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே டிபிஎஃப் கோப்பில் (ஃபாக்ஸ்புரோவின் டேட்டா கோப்பு) எழுதும்போது பூட்டுவதும் திறப்பதும் இந்த வகைக் கருவிகளில் சரியாக நடக்கிறதா என்று போலி டேட்டாவை வைத்துச் சோதிக்காமல் கடைக் கணக்கை ஏற்றாதீர்கள்.

லினக்ஸும் வைனும்

வைன், விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டும். 1993-இல் தொடங்கிய திட்டம். வேடிக்கை என்னவென்றால், 64-பிட் விண்டோஸ் கைவிட்ட 16-பிட் விண்டோஸ் சாஃப்ட்வேர்கூட 64-பிட் லினக்ஸில் வைனோடு ஓடும். அந்த வைன் குறிமுறையை எடுத்து விண்டோஸுக்கே கொண்டுவந்த ஒடிவிடிஎம் என்ற கருவியும் இருக்கிறது, விண்டோஸ் 3.1 காலத்து சாஃப்ட்வேருக்கு முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், நிறைய நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். மற்றபடி, அலுவலகத்தில் ஏற்கெனவே லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால் வைன் நல்ல வழி. பழைய சாஃப்ட்வேருக்காக மட்டும் லினக்ஸ் கற்றுக்கொள்ளப் போவது இரட்டை வேலை.

சாஃப்ட்வேரை விட்டுவிட்டு டேட்டாவைக் காப்பாற்றுவது

இதைக் கடைசியில் சொல்வதால் கடைசித் தேர்வு என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சாஃப்ட்வேரா, அதில் உள்ள விவரங்களா என்று கேட்டுப் பாருங்கள். பழைய பில்லைத் தேடி எடுக்க மட்டும்தான் ஃபாக்ஸ்புரோ வேண்டும் என்றால், டிபிஎஃப் கோப்பை லிப்ரேஆஃபீஸ் கால்க்கிலேயே திறந்துவிடலாம். அப்புறம் அந்த சாஃப்ட்வேரைக் கட்டிக் காப்பதற்குக் காரணமே இல்லை.

அச்சகங்களுக்கு இது அவ்வளவு எளிதில்லை. பேஜ்மேக்கர் கோப்பை அடோபியின் பிந்தைய பக்க அமைப்பு சாஃப்ட்வேரான இன்டிசைன் திறக்கும், ஆனால் சிஎஸ்6 பதிப்பு வரைதான். 2013-இல் வந்த சிசி பதிப்பிலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே, சிஎஸ்6 லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய கோப்புகளுக்கும் புதியவற்றுக்கும் நடுவில் உள்ள பாலம் அதுதான். லிப்ரேஆஃபீஸ் டிராவும், இலவசப் பக்க அமைப்பு சாஃப்ட்வேரான ஸ்கிரைபஸும்கூட பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கின்றன. பக்கம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும்.

பக்கம் வந்துவிட்டாலும் எழுத்து 8-பிட்டில்தான் இருக்கும். அதை யூனிகோடாக மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்றவை இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு குறியீட்டு முறை வைத்திருந்ததால், உங்கள் எழுத்துருவுக்கான மாற்றி கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்று தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடுக்குப் போனது. ஆனால் அச்சகங்களில் இருந்த எழுத்துருக்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. மாற்றிய பிறகு இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இலவசமாக வேண்டும் என்றால் 2024 ஜனவரியில் வந்த ஸ்கிரைபஸ் 1.6 யூனிகோட் தமிழைச் சரியாக அடுக்குகிறது. பேஜ்மேக்கரில் கை பழகியவர்களுக்கு முதல் சில வாரங்கள் கோபம் வரும்.

ஆகவே அச்சகத்துக்கு என் யோசனை: இருபது வருடக் கோப்புகள் எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள், அது முடியாத வேலை. பேஜ்மேக்கரை ஒரு விர்ச்சுவல் மெஷினில் டிஸ்டில்லரோடு சேர்த்து அடைத்து வையுங்கள். பிடிஎஃப் தொல்லையும் அங்கே தீரும். பழைய வாடிக்கையாளர் அதே அழைப்பிதழை, அதே ரசீதுப் புத்தகத்தைக் கேட்டால் அதற்குள் போய்த் திருத்திக் கொடுங்கள். புதிதாக வரும் வேலையை மட்டும் யூனிகோடில் தொடங்குங்கள். மறுபடி மறுபடி கேட்டு வரும் பழைய வேலைகள் எவை என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும், அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

டாஸ் பில்லிங் வைத்திருக்கும் கடைக்கு இதே யோசனை பொருந்தாது. நிரல் இன்றும் ஓடுகிறது என்றாலும் அது ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தது, 2017 ஜூலைக்குப் பிறகு யாராவது ஒட்டுப்போட்டு வைத்திருப்பார்கள். அடுத்த வரி மாற்றத்துக்கு ஒட்டுப்போட ஆள் கிடைப்பாரா என்று பாருங்கள். கிடைக்கமாட்டார் என்றால் விடாஸில் ஓட்டுவது தற்காலிகம்தான். வரும் ஏப்ரல் முதல் தேதிக்குப் புதியதில் கணக்கைத் தொடங்கிவிட்டு, பழையதைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருவியோடு வந்த சாஃப்ட்வேர் என்றால் கருவி இருக்கும்வரை பழைய பெட்டியோ, யூஎஸ்பி என்றால் விர்ச்சுவல் மெஷினோ, இரண்டில் ஒன்று.

புது கம்ப்யூட்டர் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் பிராசசர் உள்ள லேப்டாப் வேண்டாம். சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேரை அது ஓட்டிக் காட்டினாலும், பழைய எக்ஸ்பியை உள்ளே வைக்க விர்ச்சுவல்பாக்ஸ் அதில் உதவாது, பழைய டாங்கிள் டிரைவரும் ஏறாது. இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசராக வாங்கி, பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்கித் தரச் சொல்லுங்கள். கடையிலிருந்து வரும்போது அது அணைந்தே இருப்பதும் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு அதற்காகவே ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிவரும்.